பாறையைப் பார்த்த ஜன்னல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் உடம்பைப் பற்றி ஒரு வரி, வீட்டின் உடம்பைப் பற்றி இரண்டு பக்கம். வீடு நன்றாக இருக்கிறது. கூரை ஒழுகவில்லை, கிழக்குச் சுவரில் பூஞ்சணம் இல்லை, புகைக்குழாயைச் சுரண்டிவிட்டேன். எனக்கு முழங்கால் வலி. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பழைய கட்டடங்களைக் காக்கிற குழு ஒன்றுக்கு நம் மரவீட்டைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறாய், அவர்கள் வரலாறு கேட்கிறார்கள் என்கிறாய். எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும். அப்பாவின் தாத்தாவும் அவர் தம்பியும் கட்டியது. இரண்டு பேரும் மரம் அறுக்கிறவர்கள். இந்தச் சரிவில் மரம் வெட்ட வந்தார்கள், வீடு கட்டினார்கள், இருந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு தாத்தா, பிறகு அப்பா, இப்போது நான். எல்லாத் தலைமுறையிலும் யாராவது ஒருவர் இங்கே அடுப்பை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அடுப்பு எரியாத மரவீட்டை ஈரம் தின்னும், ஈரம் விட்டுவைத்ததைக் கறையான் தின்னும் என்று அப்பா சொல்வாரே. வரலாறு என்று நீ எழுதியதும் எனக்கு விறகுக் கட்டுதான் ஞாபகம் வந்தது.

நீ எழுதவே மாட்டாய் என்று தெரிவதால் மற்றதை நான் எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, "இந்த ஒரு மழைக்காலம் மட்டும் இரு அக்கா, அதுக்குள்ள நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்" என்றாய். மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டு வந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதையே சொன்னாய். போன வருடமும் அதே. மழை விட்டாலும் தூவானம் விடுகிறதாக இல்லை.

துறைமுக நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருந்துப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். என்னோடு படித்தவள் அங்கே இருக்கிறாள், என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஐம்பது தாண்டியவர்களை எடுக்கமாட்டார்களாம். எனக்கு ஐம்பது வர அதிக நாளில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ எப்போது வருகிறாய்? நாலு நாள் சுற்றிப் பார்க்க இல்லை. இங்கே இருக்க.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன் பார்.

இன்று ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். ஒருவர் கதவைப் போட்டு அடிஅடியென்று அடிக்கிறார். இந்தத் தொழிலில் முதல் பாடமே கதவைத் திறப்பதல்ல, பேசிக்கொண்டே இருப்பது. "சார், தட்டாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் கேட்கிற வரைக்கும் மனிதன் பயப்படமாட்டான். அவர்களை வெளியே எடுத்த பிறகு அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இப்படி ஊரையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு நான் எங்கே திரும்பி வருகிறேன்? இரண்டு அறை வீட்டுக்கு. மனைவி, பிள்ளைகள் இருவர், மாமியார், மாமியாரின் தையல் மெஷின். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். நம் மலைவீடு அங்கே இருக்கிறது, அக்கா அடுப்பு மூட்டியிருப்பாள், புகை மேலே போகும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் எனக்குத் தூக்கமே வருகிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நேராக அங்கே வந்துவிடுவேன். அதுவரை அது நிற்க வேண்டும்.

குழுவுக்கு நான் எழுதியதிலிருந்து ஒரு பகுதி: "காடு அழிந்தாலும் இந்த மண்ணை விட்டு அகலமாட்டோம் என்று உறுதி பூண்ட இரு சகோதரர்கள், ஓர் ஆணிகூட அடிக்காமல், முற்றிலும் மரமுளைகளாலேயே பூட்டி எழுப்பிய இல்லம். நான்கு தலைமுறையாக ஓர் அங்குலம்கூட அசையாமல் நிற்கிறது."

எப்படி? செயலாளர் அம்மா படித்துவிட்டு உருகிவிட்டாராம். மே மாதம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுவர்களின் நீள அகலம், கதவு எந்தத் திசை, ஜன்னல் எந்தத் திசை என்று அளந்து அனுப்பு.

உன் தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. கதவு மேற்கே, காற்று அடிக்கிற பக்கம். ஜன்னல் கிழக்கே, பாறையைப் பார்த்து. உன் செயலாளர் அம்மா உருகுவதற்கு முன்னால் அதையும் எழுதிப் போடு. உறுதி பூண்ட இரு சகோதரர்கள் வீட்டுக்கு இருக்கிற ஒரே ஜன்னலை, ஒரு சாண் தள்ளி நிற்கிற பாறைக்கு எதிரே வைத்தார்கள் என்று. பெரிய பாட்டிக்கு, அதாவது அப்பாவின் பாட்டிக்கு, வெயில் ஆகாது, அதனால்தான் என்று அப்பா சொல்வார். வெயில் ஆகாதவளுக்கு ஜன்னல் எதற்கு என்று நான் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

உனக்கு அம்மாவை அதிகம் ஞாபகம் இருக்காது. வேலை முடிந்தால் அந்த ஜன்னலடியில்தான் உட்காருவாள். பாறையில் பாசி எந்த மாதம் பச்சை, எந்த மாதம் பழுப்பு என்று சொல்வாள். "இந்தப் பாறைக்கு என்னை நல்லாத் தெரியும்டி" என்பாள். கல்யாணம் முடிந்து வந்தபோது அப்பா அவளிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? இந்த ஒரு மழைக்காலம் முடியட்டும், கீழே போய்விடலாம். உனக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? குடும்பச் சொத்து அது.

எலி வளை என்று எழுதியிருந்தாய். எலி வளையைவிட்டு வெளியே போய் வரும். நான் போய் எட்டிப் பார்ப்பது சரிவின் அடிவாரத்தில் தபால்காரர் வந்து நிற்கிற இடம்வரை. அவரும் வாரம் ஒருநாள். போன வாரம் நான் அவரிடம் பேசிய பேச்சில் அவர் பயந்துபோய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். மனிதக் குரல் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து பதில் வந்துவிட்டது. மே மாத நடுவில் சேர வேண்டும். தங்க ஓர் அறை தருகிறார்கள். நான் சரி என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஏப்ரல் கடைசியில் கிளம்புகிறேன். நீ வந்து இரு, அல்லது யாரையாவது வை, அல்லது பூட்டிப் போடு. உன் இஷ்டம்.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றில் நின்றுகொண்டு படித்தேன். கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

கோபப்படாமல் கேள். பூட்டிப் போட்டால் ஒரு மழைக்கு அந்த வீடு தாங்காது, உனக்கே தெரியும். யாரையாவது வை என்கிறாய், அந்தச் சரிவில் யார் வந்து இருப்பார்கள்? எனக்கு இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. உன்னைவிட்டால் எனக்கு யார்?

இப்போது நல்ல செய்தி. குழு நம் வீட்டைத் தன் பட்டியலில் சேர்க்க முடிவு செய்துவிட்டது. மே மாதம் வந்து பார்ப்பது வெறும் சம்பிரதாயம். சேர்த்த பிறகு யாரும் அதைத் தொட முடியாது. ஒரே ஒரு நிபந்தனை, கட்டிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நிரந்தரமாகத் தங்கிக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதற்கு "காப்பாளர்" என்று பதவி. வருடா வருடம் மதிப்பூதியம், வாசலில் பெயர்ப்பலகை. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீ சும்மா அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. செயலாளர் அம்மா, "அவங்கதான் அந்த வீட்டோட உயிர்" என்று சொன்னார்.

இந்த ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள். மருத்துவமனை எங்கேயும் ஓடிப்போகாது.

உன் தம்பி

*

மார்ச் 28

தம்பிக்கு,

பதவிக்கு நன்றி. காவலுக்கு வைத்த நாய்க்கும் கழுத்தில் பட்டை போடுவார்கள்.

இதை எழுதத் தொடங்கி நாலு தாளைக் கிழித்துவிட்டேன். அடுப்பில்தான் போட்டேன், விறகு மிச்சம். மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிக்கொண்டே இருப்பது உன் தொழில் என்று நீயே எழுதினாய். இத்தனை வருடமாக நீ எனக்கு எழுதுகிற கடிதங்கள் என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, தட்டாதே, நான் இங்கேதான் இருக்கிறேன், இதோ வந்துவிட்டேன்." நீ வரவில்லையடா. நான் உன் குரலைக் கேட்டுக்கொண்டு தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

இது நடந்து சில நாள்தான் ஆகிறது. பருவம் தப்பிய மழை. மேலே இருந்து மண் சரிந்து கதவுக்கு எதிரே விழுந்தது. நம் கதவு வெளியே திறக்கிற கதவு. தள்ளினேன், அசையவில்லை. தோளால் மோதினேன். ஜன்னலைத் திறந்தேன், பாறை. தலையை வெளியே விட்டால் மூக்கு இடிக்கிறது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்? தபால்காரர் வர இன்னும் நாள் இருந்தது. விறகு உள்ளே இருந்தது, தண்ணீர் ஒரு குடம்தான். அம்மா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பாறையைப் பார்த்தேன். இந்தப் பாறைக்கு என்னையும் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் சட்டென்று எழுந்துவிட்டேன். மண்ணைவிட அதற்குத்தான் பயந்தேன்.

பிறகு ஒன்று செய்தேன். வருடா வருடம் கோடையில் நாம் முளைகளை உருவி எண்ணெய் தடவித் திருப்பி வைப்போமே, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒன்னை வெச்சப்புறம்தான் அடுத்தது, ஒரே நேரத்துல ரெண்டை எடுக்கக் கூடாது" என்று கத்துவாரே. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கூரையை ஒட்டிப் படுக்கையாக இருக்கிற குட்டைத் தடியின் இரண்டு முனையிலும் உள்ள முளைகளை ஒரே நேரத்தில் உருவினேன். தடி மேஜை டிராயர் மாதிரி கையோடு வந்துவிட்டது. முக்காலியைப் போட்டு ஏறி, அந்தச் சந்து வழியாக வெளியே விழுந்தேன். முழங்கால் இன்னும் மோசமாகிவிட்டது.

வாசல் மண்ணை வெட்டிப் போட்டாகிவிட்டது. தடியைத் திரும்ப வைத்துவிட்டேன். உன் வீடு பத்திரம்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல். மறுபடி மண் சரிந்தால், அதுவும் பெரிதாகச் சரிந்தால், எந்த முளையை முதலில் எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது? அப்பா எனக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார். உனக்குத்தான் பூட்டு விஷயமெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்று. வடக்குச் சுவரில் மூன்றாவது தடி முழுக்கப் புகை பிடித்துக் கறுத்திருக்கிறது. நம் அடுப்பு எப்போதும் தெற்கு மூலையில்தானே இருந்திருக்கிறது?

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். "உங்க அக்கா உள்ள மாட்டிக்கிட்டப்போ நீங்க எந்த லிஃப்டைத் திறந்துட்டு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். மே மாதம் குழு வரும்போது நானும் வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். நீ நிதானத்துக்கு வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

முளை விஷயம் எழுதுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். மூலைக்கால்களில் மேலிருந்து கீழ்வரை பள்ளம் வெட்டியிருக்கிறது. தடிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் இறக்கி, காலோடு சேர்த்து முளையால் பூட்டியிருக்கிறார்கள். கதவை ஒட்டிய குட்டைத் தடிக்கு மட்டும் பள்ளம் உள்பக்கம் திறந்திருக்கும், அதனால்தான் அது உனக்குக் கையோடு வந்தது. முளையின் தடித்த தலை உள்பக்கம். அதாவது வீட்டுக்குள் இருப்பவர் திருகி இழுத்தால் வந்துவிடும், வெளியே இருப்பவரால் முடியாது. கூரைத் தகரம் கல் வைத்துக் கம்பியால் கட்டியதுதான். அதை இறக்கிவிட்டால் மேல் சட்டம் நாலும் தனி. அதன் பிறகு ஒரு சுவரின் மேல் தடியிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே வரலாம். மூலைக்கால்கள்தான் கடைசி. கால்களை முதலில் தொட்டால் எல்லாம் தலையில் விழும்.

ஒவ்வொரு தடியின் முனையிலும் கோடரியால் கொத்திய கோடுகள் இருக்கும், பார்த்திருப்பாய். நேர்க்கோடு வடக்கு, சாய்ந்த கோடு தெற்கு, குறுக்குக் கோடு கிழக்கு, வளைந்த கோடு மேற்கு. எத்தனை கோடோ அத்தனையாவது வரிசை. எழுத்துத் தெரியாதவர்கள், என்ன மூளை பார். மூன்று பேரும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் ஒன்றும் இருந்தால் ஒரு வாரத்தில் முழு வீட்டையும் பிரித்துவிடலாம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நம் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே கலை இதுதான். ஆணி அடித்தால் பூட்டு பிடித்துக்கொள்ளும், அதனால்தான் நீ காலண்டர் மாட்ட ஆணி அடித்தபோது அப்பா உன்னைப் போட்டு அடித்தார்.

வடக்குச் சுவர் கறுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. எப்போதாவது விளக்குப் புகை பட்டிருக்கும். அதைக் குழுவிடம் சொல்லாதே.

பத்திரமாக இரு.

உன் தம்பி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கிறவர் லாரிக்காரர். அவர் பின்னால் நிற்பது நம் வீடு.

கத்தாதே, பிள்ளைகள் பயந்துவிடும். படித்து முடித்துவிட்டு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. மலைப்பாதையில் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், தடிகளைப் பூ மாதிரி ஏற்றினார். அவரும், அவரோடு வந்த சுமைதூக்கிகள் இருவரும், நானும். நீ எழுதிய வரிசைப்படியே செய்தோம். கால்களைக் கடைசியில்தான் தொட்டோம்.

குழுவுக்கு ஒரு வரலாறு எழுதினாயே, இப்போது நான் ஒன்று எழுதுகிறேன். உருகாமல் படி.

நம் ஆட்கள் மரம் அறுக்கிறவர்கள். மரம் அறுக்கிறவன் மரம் தீர்ந்ததும் அடுத்த சரிவுக்குப் போக வேண்டும். போகிற இடமெல்லாம் புது வீடு கட்ட முடியுமா? ஆகவே போகும்போது தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கட்டினார்கள். வடக்குச் சுவர் கறுத்திருப்பது, இதற்கு முன்னால் இருந்த ஏதோ ஓர் இடத்தில் அந்தச் சுவரடியில் அடுப்பு இருந்ததால். அந்த ஜன்னலும் அங்கே எதையோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இங்கே வந்தபோது ஒரு மழைக்காலம்தானே என்று கிடைத்த இடத்தில் இறக்கினார்கள். கதவு காற்றைப் பார்த்தாலும் ஜன்னல் பாறையைப் பார்த்தாலும் யார் கவலைப்படப் போகிறார்கள், மழை விட்டதும் பிரிக்கப் போகிற வீடு.

ஏன் பிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. வண்டி வரவில்லையோ, யாருக்காவது காய்ச்சல் கண்டதோ. பெரிய பாட்டியிடம் யாரோ, "இந்த ஒரு மழைக்காலம் பொறுத்துக்கோ" என்று சொல்லியிருப்பார்கள் என்பதற்கு மட்டும் நான் பந்தயம் கட்டத் தயார்.

உள்ளே இருக்கிறவர் திருகினால் திறந்துகொள்கிற வீடு என்று நீயே எழுதினாய். உனக்கு அது பூட்டின் பெருமையாகப் பட்டது. எனக்குத் தாளை வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. வருடா வருடம் எண்ணெய் போட்டோமே, எதற்கு? அடுத்த வருடம் சுலபமாக உருவிக்கொண்டு கிளம்புவதற்கு. கிளம்புவதை மறந்துவிட்டு எண்ணெயை மட்டும் விடாமல் போட்டிருக்கிறோம். ஒன்றை வைத்த பிறகுதான் அடுத்தது என்று அப்பா கத்தும்போது, ஒரே ஒரு தடவை இரண்டை எடுத்துப் பார்த்திருந்தால் அம்மா இறங்கிப் போயிருப்பாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாம் அலையக்கூட இல்லை, உட்கார்ந்தே இருந்தோம்.

கிழக்குச் சுவரைப் பிரித்து ஜன்னல் சட்டத்தை லாரியில் சாய்த்து வைத்தார்கள். அதன் வழியாகப் பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது, அடியில் ஆறு, அதற்கு அப்பால் சாலை, சாலையில் ஏதோ ஒரு பஸ். அதே சட்டம்தான். அம்மாவை நினைத்து அழுதேன். சுமைதூக்கிகளில் பெரியவர், "வீட்டைப் பிரிக்கிறது கஷ்டமாத்தான்மா இருக்கும்" என்றார். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை, அவர் நல்ல மனதோடு சொன்னார்.

இரும்பு அடுப்பை லாரிக்காரர் எடுத்துக்கொண்டார், அதுதான் அவருக்குக் கூலி. அவர் வீட்டில் ஆறு பேராம், நன்றாக எரியட்டும்.

வீடு அழியக் கூடாது என்றாய். அழியவில்லை. கட்டிய குடும்பத்தில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றாய். உன் வாசலில் நிற்கிறது, கவனித்துக்கொள். உன் பெயரையும் நான் கேட்காமல்தான் கொடுத்திருக்கிறேன்.

இதை லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடிவாரம் வரை இவர்களோடு வருகிறேன், அங்கிருந்து எனக்குத் துறைமுகத்துக்கு பஸ்.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

மருத்துவமனை முகவரிக்கு எழுதுகிறேன். உன்னிடம் சேருமா தெரியாது.

முதல் மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அதை எழுதப்போவதில்லை, நீயே ஊகித்துக்கொள். எங்கள் கட்டடத்தில் இருபது குடும்பம், கார் நிறுத்துகிற இடம் முழுவதும் நம் வீடு. குடியிருப்போர் சங்கத் தலைவர் தினமும் காலையில் வந்து, "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்பார். மாமியார் மட்டும் குஷியாக இருந்தார், தடிகளின்மேல் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இது எங்கள் மாப்பிள்ளையின் பூர்வீகச் சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது. மனைவி கேட்ட முதல் கேள்வி, "காப்பாளரே, சாப்பிட வர்றீங்களா?"

செயலாளர் அம்மா வந்து பார்த்தார். இடம் மாறிய கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். கறுத்த தடியைக் காட்டி, இது இங்கே வருவதற்கு முன்னாலேயே எத்தனையோ இடம் மாறிய கட்டடம் என்று நான் வாதாடினேன். வாதாடிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கேட்டது, அது உன் கட்சி. வாயை மூடிக்கொண்டேன். யாரைக் குறை சொல்வது? எதை முதலில் எடுக்க வேண்டும், எதைக் கடைசியில் என்று பக்கம் பக்கமாக எழுதியது நான்தானே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே என் கூட்டாளி ஒருவன் பழைய லிஃப்ட் சாமான்கள் போட்டுவைக்கிற கொட்டகை வைத்திருக்கிறான். பின்னால் கொஞ்சம் காலி இடம். அங்கே கொண்டுபோய் இறக்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டுகிறேன். பிள்ளைகள் கோடு எண்ணிச் சொல்கிறார்கள், நான் இறக்குகிறேன். முளைகள் ஒரு தட்டுக்கு உள்ளே போகின்றன. நீ போட்ட எண்ணெய்.

நேற்று ஒன்று நடந்தது. மூன்று சுவர் எழும்பிவிட்டது, நான் உள்ளே நின்று முளை திருகிக்கொண்டிருந்தேன். பெரியவன் விளையாட்டுக்குக் கதவை வெளியே இருந்து சாத்திப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தட்டாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றான். நான் சொல்கிற வசனம்தான், வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கூரை இல்லை, ஒரு பக்கம் சுவரே இல்லை, நினைத்தால் நடந்து வெளியே போகலாம். ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது. அவனை அறைந்துவிட்டேன். பிறகு அந்தத் தடிகள்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு அங்கே எத்தனை வருடம் அக்கா. நான் தப்புச் செய்தேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கதவின் தாழ் முளையைக் காணவில்லை. சாக்குகளையெல்லாம் உதறிப் பார்த்தேன், லாரிக்காரருக்கும் சொல்லி அனுப்பினேன், இல்லை. அது இல்லாமல் கதவு தாழ் விழமாட்டேன் என்கிறது.

இரண்டாவது, ஜன்னல் சுவர் இன்னும் வைக்கவில்லை. கிழக்கே வைத்தால் கொட்டகையின் தகரம். தெற்கே சாலை. வடக்கே ஒன்றுமில்லை, வெறும் பொட்டல். எந்தப் பக்கம் வைக்கட்டும்? அங்கே ஏற்கனவே நிற்கிற சுவரைப் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். நீ சொல்கிறபடி வைக்கிறேன்.

தம்பி

*

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் சேர்ந்தது. இங்கே தபால் தினமும் வருகிறது, இரண்டு வேளை. எனக்கு இன்னும் பழகவில்லை.

பகல் முழுவதும் கவுண்டரில் நிற்கிறேன். "இது சாப்பாட்டுக்கு முன்ன, இது பின்ன" என்று நூறு பேரிடமாவது சொல்கிறேன். சாயங்காலம் தொண்டை கட்டிப்போகிறது. கூட வேலை செய்கிறவள், "கொஞ்சம் கம்மியாப் பேசுங்கக்கா" என்கிறாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பெரியவனிடம் மன்னிப்புக் கேள். அவன் சரியாகத்தான் விளையாடியிருக்கிறான்.

ஜன்னல் விஷயத்தில் என்னைக் கேட்காதே. அதன் வழியாகப் பார்க்கப்போவது நீ. மூன்று பக்கமும் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வை. பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிவை, அதற்குத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆணி மட்டும் அடித்துவிடாதே.

தாழ் முளை தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. என் அறை ஜன்னல் கடற்காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொள்கிறது, அதை மூடவிடாமல் அடியில் செருகி வைத்திருக்கிறேன். திருப்பித் தரமாட்டேன்.

அக்கா